மணமுறிவும் குடும்ப ஆஸ்தியும்

கணவனும் மனைவியும் கூடி உழைத்துச் சேர்த்த பொருள், அவர்கள் பிரிய நேருங்கால் யாரைச் சாரும் என்பது எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று. மணமுறிவு எவரும் விரும்பி வரவேற்கும் நிகழ்ச்சியுமன்று. ஆயினும், அது வந்து சேர்ந்த வீட்டில் மனவருத்தத்தோடு பொருள் நஷ்டமும் சேர்ந்துகொள்ளுமாயின் துன்பம் இரட்டிக்கிறது. ஒருவர் நேர்மையாக நடக்க, மற்றவர் இரவோடிரவாகச் சேமிப்பை எடுத்துவிடுவதும், நகையை அடகு வைப்பதும், நிலத்தைச் சகோதரன் பெயருக்கு மாற்றிவிடுவதும் உலகில் நடவாத செயல்கள் அல்ல. இத்தகைய வஞ்சகத்தினின்று பொதுச் சொத்தைக் காத்துக்கொள்ளும் முறைகளை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நெசவுத் தொழிலிலும் வேளாண்மையிலும் ஈடுபட்ட குடும்பங்களுக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. கணவர் தறியில் அமர்ந்து நெய்கிறார். மனைவி தார் சுற்றுகிறார், பாவு பிணைக்கிறார். உழைப்பு இருவருடையது, சங்கத்தின் கூலிப் புத்தகத்திலோ ஒருவர் பெயர் மட்டுமே உள்ளது. அவ்வாறே காட்டிலும் கழனியிலும் இருவர் பாடுபடுகின்றனர். பட்டாவில் ஒருவர் பெயரே நிற்கிறது. இருவரும் ஒற்றுமையாய் வாழும்வரையில் பெயரைப் பற்றிக் கவலையில்லை. பிரிவு நேர்ந்த அன்று பெயரே முதன்மையான சாட்சியமாகிவிடுகிறது.

சட்டத்தின் நிலை

பொதுவாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தை முதற்கண் நீக்குதல் வேண்டும். மணமுறிவு ஏற்பட்டால் கணவருடைய சொத்தில் பாதி மனைவிக்குத் தானாகவே வந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். நம் நாட்டில் பொதுவாக அவ்விதச் சட்டம் இல்லை. கோவாவில் போர்ச்சுகீசிய ஆட்சிக்காலத்து 1867-ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் இன்றும் தொடர்ந்து வருகிறது. அங்கு, தம்பதிகள் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி, திருமணத்தோடு இருவர் ஆஸ்தியும் ஒன்றாகிவிடும். ஒருவர் சம்மதமின்றி மற்றவர் நிலத்தையோ வீட்டையோ விற்க இயலாது. ஏனைய பகுதிகளில், தமிழ்நாடு உட்பட, சொத்து யார் பெயரில் உள்ளதோ, யாருடைய பணத்தால் வாங்கப்பட்டதோ, அவருடையது என்பதே பொது விதியாகும்.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, திருமணத்தின் போதோ அதையொட்டியோ வழங்கப்பட்டு இருவருக்கும் பொதுவாக உரிய சொத்தைப் பற்றி, மணமுறிவுத் தீர்ப்பிலேயே தக்க ஏற்பாடு செய்ய நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. இதன் வரம்பு குறுகியது. பின்னாளில் வாங்கிய வீடு, நிலம், தறி ஆகியவை பற்றிய வழக்கைக் குடும்ப நீதிமன்றத்தில் தனியே தொடுக்கலாம். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் தம்பதிகளுக்கிடையேயான சொத்து வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தையும் அந்நீதிமன்றங்களுக்கு அளித்துள்ளது.

நால்வகை ஆஸ்திகள்

குடும்பத்திலுள்ள பொருள்களை நான்கு வகையாகப் பிரித்துக்கொண்டால் உரிமை தெளிவாகும்.

முதலாவது, ஸ்திரீதனம். பிறந்த வீட்டாரும், புகுந்த வீட்டாரும், உற்றார் உறவினரும் மணமகளுக்கு அளித்த நகை, பாத்திரம், பணம் முதலியன அவருக்கே முழுதும் சொந்தம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14-ஆவது பிரிவு, பெண்ணுக்குரிய சொத்து அவருடைய பரிபூரண உரிமை என்று கூறுகிறது. ஸ்திரீதனத்தைக் கணவரோ அவர் வீட்டாரோ தம்மிடம் வைத்திருப்பின், அது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளேயாகும் என்றும், திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்றும் உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையில் இக்குற்றம் 316-ஆவது பிரிவில் அடங்கும். இஸ்லாமிய மகளிர்க்கு, 1986-ஆம் ஆண்டின் சட்டப்படி, மஹரும், திருமணத்திற்கு முன்னும் திருமணத்தின் போதும் அதன் பின்னும் உறவினரும் நண்பரும் கணவரும் அளித்த பொருள்களும் உரியன.

இரண்டாவது, இருவர் பெயரிலும் உள்ள சொத்து. கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தால் இருவரும் பங்குதாரர்கள். அவரவர் செலுத்திய தொகைக்கேற்பப் பங்கு அமையும். யார் எவ்வளவு செலுத்தினர் என்பதற்குச் சான்று இல்லையெனில் சமபங்கு என்றே சட்டம் அனுமானிக்கும்.

மூன்றாவது, ஒருவர் பெயரில் இருந்து மற்றவர் பணத்தாலோ உழைப்பாலோ உண்டான சொத்து. வழக்குகள் பெரிதும் எழுவது இங்கேதான். தம் வருமானத்தைக் கொண்டு மனைவி பெயரில் நிலம் வாங்கிய கணவரும் இவ்வகையில் ஏமாற்றப்படலாம். பினாமி தடைச் சட்டம் இத்தகைய கொள்முதலை, பணம் வந்த வழி தெளிவாக இருக்குமாயின், தடை செய்வதில்லை. ஆனால் பணம் வந்த வழியை அவரே நிரூபித்தாக வேண்டும். வீட்டைப் பேணிய மனைவியின் உழைப்பைப் பொறுத்த வரையில், 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று குறிப்பிடத்தக்கது. கணவர் வெளிநாட்டில் பொருளீட்ட, மனைவி இல்லத்தையும் மக்களையும் கவனித்து வந்த ஒரு குடும்பத்தில், அம்மனைவியின் உழைப்பும் சொத்துச் சேர்க்கைக்கு மறைமுகமான பங்களிப்பே என்று கூறி, அவருக்குச் சமபங்கு உண்டென நீதிமன்றம் தீர்த்தது. இது சட்டமன்றம் இயற்றிய பொது விதியன்று. ஒவ்வொரு வழக்கும் அதனதன் சாட்சியத்தைப் பொறுத்தே முடிவு பெறும். எனினும், தார் சுற்றும் கைக்கும் களை பறிக்கும் கைக்கும் மதிப்பு உண்டு என்பதை இத்தீர்ப்பு உணர்த்துகிறது.

நான்காவது, பிதிரார்ஜிதச் சொத்து. கணவருடைய மூதாதையர் வழிச் சொத்தில், மனைவி என்ற முறையில், அவர் உயிரோடிருக்கையில் பங்கு கோர இயலாது. ஜீவனாம்சமும் இருப்பிடமும் கோரலாம். ஆனால் குழந்தைகளின் பாத்தியதை பெற்றோர் பிரிவதனால் அழிந்துபோவதில்லை. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும், நாடு முழுவதிலும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும், இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண் மக்களுக்கும் ஆண் மக்களுக்கொப்ப உரிமை ஏற்பட்டுள்ளது.

வஞ்சகம் புகும் வழிகள்

திருடன் வரும் வழி தெரிந்தால்தான் கதவைத் தாழிட முடியும். பொதுச் சொத்தைக் கவர நினைப்பவர் கையாளும் வழிகள் பெரும்பாலும் பின்வருவனவே.

கூட்டுக் கணக்கிலுள்ள பணத்தை முழுவதும் எடுத்துத் தம் தனிக் கணக்கிலோ உறவினர் கணக்கிலோ சேர்த்துவிடுதல் ஒன்று. மனைவியின் நகையைத் தம் பெயரில் அடகு வைத்து, மீட்காமல் ஏலத்திற்கு விட்டுவிடுதல் மற்றொன்று. நிலத்தையோ வீட்டையோ நெருங்கிய உறவினருக்குத் தான செட்டில்மெண்டாகவோ, மிகக் குறைந்த விலைக்குக் கிரயமாகவோ எழுதிக் கொடுத்தல் மூன்றாவது. வாங்காத கடனை வாங்கியதாகக் காட்டி, நண்பருக்குப் பின்தேதியிட்ட புரோநோட்டு எழுதிக் கொடுத்தல் நான்காவது. முன்பு வாங்கி வைத்த வெற்றுத்தாள் கையெழுத்தையோ, பவர் பத்திரத்தையோ பயன்படுத்திக்கொள்ளுதல் ஐந்தாவது. தறியை ஓட்டாமல் நிறுத்தியும், விளைச்சலைப் பிறர் பெயரில் விற்றும், வருமானமே இல்லையென்று காட்டுதல் ஆறாவது.

இவையனைத்திற்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. மற்றவர் கணக்கு வழக்குகளை அறியாமல் இருக்கும்வரையில்தான் இவை நிறைவேறும். ஆகவே தற்காப்பின் முதற்படி, குடும்பத்தின் ஆஸ்தி பாஸ்திகளை இருவரும் அறிந்திருத்தலே.

முன்கூட்டியே செய்யத்தக்கவை

திருமணத்தின் போதே தொடங்க வேண்டியது ஒன்றுண்டு. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இல் வகுக்கப்பட்ட விதிகள், மணமக்களுக்கு வந்த அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுத வேண்டுமெனக் கூறுகின்றன. பொருளின் விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை ஆகியவற்றை எழுதி மணமக்கள் கையொப்பமிட வேண்டும். இதனைச் செய்யும் குடும்பங்கள் மிகச் சிலவே. மொய்ப் புத்தகத்தை நாம் எவ்வளவு கவனமாக எழுதுகிறோம்! அதே கவனத்துடன் இப்பட்டியலையும் எழுதினால், பின்னாளில் எந்த நகை யாருடையது என்ற வழக்கே எழாது. முன்பு எழுதாதவர்கள் இப்பொழுதேனும் நகைக்கடை ரசீதுகளைத் திரட்டி, எடையைக் கிராமில் குறித்து, புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, தஸ்தாவேஜுகளின் நகல்களை இருவரும் வைத்திருத்தல் வேண்டும். கிரயப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, வங்கிப் புத்தகம், காப்புறுதிப் பத்திரம், சங்கப் பங்குச் சான்று, கடன் கணக்கு ஆகியவை இதில் அடங்கும். மூலப் பத்திரம் ஒருவர் கையில் இருந்து, காட்ட மறுத்தாலும் மனந்தளர வேண்டியதில்லை. பதிவான கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைக் கட்டணம் செலுத்திச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எவரும் பெறலாம். வில்லங்கச் சான்றிதழையும் அங்கே பெறலாம். தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையத்தளத்திலும் பார்க்கலாம். சந்தேகம் தோன்றிய பின் மாதந்தோறும் ஒரு முறை வில்லங்கம் பார்த்துக்கொள்வது நன்று. புதிய பத்திரம் ஏதேனும் பதிவாகியிருந்தால் உடனே தெரிந்துவிடும். பட்டா மட்டுமே உரிமைக்கு முழுச் சான்றாகாது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும், பத்திரமே முதன்மையானது.

மூன்றாவதாக, வங்கிக் கணக்குகள். கூட்டுக் கணக்கில் இருவகை உண்டு. இருவரில் யாரேனும் ஒருவர் எடுக்கலாம் என்னும் ஏற்பாடு ஒன்று. இருவரும் சேர்ந்து கையொப்பமிட்டாலன்றி எடுக்க இயலாது என்னும் ஏற்பாடு மற்றொன்று. முதல்வகைக் கணக்கில் வஞ்சகத்திற்கு இடம் அதிகம். ஆபத்து நேருமென ஐயுறும் பங்குதாரர், இனி இருவர் கையொப்பமும் இன்றிப் பணம் கொடுக்கலாகாது என்று வங்கி மேலாளருக்கு எழுத்து மூலம் அறிவித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளலாம். கணக்கோடு இணைக்கப்பட்ட கைப்பேசி எண் யாருடையது, ஏ.டி.எம். அட்டை யாரிடம் உள்ளது, இரகசிய எண்ணை யாரெல்லாம் அறிவர் என்பனவற்றையும் கவனிக்க வேண்டும். தம் கூலியும் சம்பளமும் வந்து சேரும் கணக்கு தம் தனிப் பெயரில் இருத்தல் பாதுகாப்பானது.

நான்காவதாக, கையெழுத்து. வெற்றுத்தாளிலும், நிரப்பாத காசோலையிலும், படித்துப் பார்க்காத பத்திரத்திலும் கையெழுத்திடலாகாது. கணவர் கேட்டார், மனைவி கேட்டாள் என்பது காரணமாகாது. முன்பு பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், அதனை ரத்துப் பத்திரத்தின் மூலம் பதிவு அலுவலகத்தில் ரத்து செய்து, அச்செய்தியைப் பவர் பெற்றவருக்கும் பதிவுத் தபாலில் தெரிவித்துவிட வேண்டும்.

ஐந்தாவதாக, நகைக்கடன். நம் சங்கங்களில் நகைக்கடன் பெறுவோர் பலர். மனைவியின் நகையைக் கணவர் பெயரில் அடகு வைத்தால் ரசீது கணவர் பெயரில் அமையும். மீட்கும் உரிமையும் அவரையே சாரும். நகைக்கு உரியவர் எவரோ அவர் பெயரிலேயே கடன் பெற்று, ரசீதையும் அவரே வைத்துக்கொள்வது முறை.

வழக்கு வந்த பின்னர்

பிரிவு உறுதியாகி நீதிமன்றம் செல்லும் நிலை வந்தால், சட்டம் பல கருவிகளை அளிக்கிறது. கேட்டவருக்கே அவை கிட்டும் என்பதை மறக்கலாகாது.

முதற்கருவி, சொத்து விவரப் பிரமாணப் பத்திரம். ஜீவனாம்ச வழக்குகளில் கணவன் மனைவி இருவரும் தம் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் நாடு முழுவதற்கும் நெறிமுறை வகுத்தது. பொய்யான விவரம் கொடுப்பவர் தண்டனைக்கு உள்ளாகலாம். எதிர்த்தரப்பின் வாக்குமூலத்தை நாம் முன்பு சேகரித்த நகல்களோடு ஒப்பிட்டால் மறைத்தவை வெளிப்படும். நகல் சேகரிப்பின் பயன் இவ்விடத்தில் தெளிவாக விளங்கும்.

இரண்டாவது, தற்காலிகத் தடையாணை. வழக்கிற்குட்பட்ட சொத்தை எதிர்த்தரப்பினர் விற்கவோ சேதப்படுத்தவோ முயல்கிறார் எனக் காட்டினால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆவது ஆணைப்படி நீதிமன்றம் தடை விதிக்கலாம். தீர்ப்பை நிறைவேற்ற முடியாதபடி செய்யும் எண்ணத்துடன் ஒருவர் சொத்தை அப்புறப்படுத்துகிறார் எனக் காட்டினால், 38-ஆவது ஆணைப்படி தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கோரலாம். வெறும் சந்தேகம் போதாது. யாரிடம் விலை பேசினார், எப்பொழுது பேசினார் என்பன போன்ற விவரங்கள் வேண்டும்.

மூன்றாவது, வழக்கு நிலுவை விதி. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 52-ஆவது பிரிவின்படி, ஓர் அசையாச் சொத்தின் உரிமை பற்றிய வழக்கு நிலுவையில் இருக்கையில் அதனை வாங்குபவர், அவ்வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவராவார். இங்கே ஒரு நுட்பம் உள்ளது. மணமுறிவு மட்டும் கோரும் மனுவால் இப்பாதுகாப்புக் கிட்டாது. சொத்தின் மீது உரிமை கோரி, சர்வே எண், பரப்பு, எல்லை ஆகியவற்றைக் குறிப்பிட்ட வழக்காக இருத்தல் வேண்டும். இதனைத் தொடக்கத்திலேயே வக்கீலிடம் கேட்டுத் தெளிதல் அவசியம்.

நான்காவது, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். அடித்தல் மட்டுமே வன்முறை என்று எண்ணலாகாது. செலவுக்குப் பணம் தர மறுப்பதும், ஸ்திரீதனத்தைப் பறிப்பதும், மனைவிக்கு உரிமையுள்ள சொத்தை விற்றுவிடுவதும் பொருளாதாரக் கொடுமை என இச்சட்டம் கூறுகிறது. 18-ஆவது பிரிவின்படி, கணவர் சொத்துக்களை விற்பதையும், வங்கிக் கணக்குகளையும் பெட்டகங்களையும் இயக்குவதையும் நீதித்துறை நடுவர் தடை செய்யலாம். 19-ஆவது பிரிவின்படி, வாழ்ந்த வீட்டை விட்டு வெளியேற்றாதபடியும், அவ்வீட்டை விற்காதபடியும் ஆணையிடலாம். அவசரமாயின், எதிர்த்தரப்பைக் கேளாமலே இடைக்கால ஆணை பிறப்பிக்கவும் அதிகாரம் உண்டு. இச்சட்டத்தின் கீழ் நிவாரணம் கோரும் உரிமை பெண்களுக்கே உரியது. வஞ்சிக்கப்பட்ட கணவர் முன் சொன்ன தடையாணையை நாட வேண்டும்.

ஐந்தாவது, இடைக்கால ஜீவனாம்சம். இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில் வழக்கு நடக்கும் காலத்துச் செலவுக்கும் வாழ்க்கைக்கும் மனைவியும் கேட்கலாம், வருமானமற்ற கணவரும் கேட்கலாம். கையில் பணமில்லாத காரணத்தால் நியாயமற்ற சமரசத்திற்கு இணங்குவோர் உண்டு. அந்நிலையைத் தவிர்க்க இது உதவும்.

வக்கீல் வைக்க வசதியில்லையே என்று கலங்க வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி அளிக்கிறது. நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். குறைந்த வருமானமுள்ள ஆண்களும் அவ்வுதவியைப் பெறத் தகுதியுடையவர்கள்.

சங்கமும் அங்கத்தினரும்

சங்கத்தில் உள்ள பங்குத்தொகை, சிக்கன நிதி, வைப்புத்தொகை ஆகியவை அங்கத்தினர் எவரோ அவர் பெயரில் நிற்பவை. மனைவி வந்து சொன்னார் என்பதற்காகக் கணவர் பணத்தையோ, கணவர் வந்து சொன்னார் என்பதற்காக மனைவி பணத்தையோ சங்கக் காரியதரிசி நிறுத்தி வைக்க இயலாது; நிறுத்தினால் அவரே சட்டப் பொறுப்புக்கு ஆளாவார். நீதிமன்ற ஆணை வந்தால் சங்கம் அதற்குக் கீழ்ப்படியும். ஆகவே வழக்குத் தொடுப்பவர், சொத்துப் பட்டியலில் சங்கக் கணக்கு எண்களையும் சேர்த்துக் காட்டித் தடை கோருதல் வேண்டும்.

நியமனதாரர் பற்றியும் அங்கத்தினர்களுக்குத் தெளிவு வேண்டும். நியமனம் என்பது அங்கத்தினர் காலமான பின் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் வழியைக் காட்டுவதேயன்றி, உயிரோடிருக்கையில் நியமனதாரருக்கு எவ்வித உரிமையையும் அளிப்பதில்லை. அங்கத்தினர் எப்பொழுது வேண்டுமாயினும் அதனை மாற்றலாம். எனவே, சங்கப் புத்தகத்தில் என் பெயர் நியமனமாக உள்ளதே என்று ஒருவர் அமைதி கொள்ளலாகாது. அவ்வாறே, பிரிந்த பின் பழைய நியமனத்தை மாற்ற மறந்துவிடுவோரும் உண்டு; அதனையும் கவனிக்க வேண்டும்.

கடன் விஷயம் இன்னும் முக்கியமானது. கணவர் வாங்கிய தறிக் கடனுக்கோ பயிர்க் கடனுக்கோ மனைவி ஜாமீன் கையொப்பமிட்டிருந்தால், மணமுறிவுத் தீர்ப்பினால் அந்த ஜாமீன் நீங்காது. கடனை யார் கட்டுவது எனத் தம்பதிகள் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு அவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். கடன் கொடுத்த சங்கத்தைக் கட்டுப்படுத்தாது. சமரசம் பேசும்போதே கடன் பாக்கியைக் கணக்கிட்டுத் தீர்த்துவிட வேண்டும், அல்லது சங்கத்தின் சம்மதத்தோடு வேறு ஜாமீன்தாரரை அமர்த்த வேண்டும்.

நம் அங்கத்தினர்களுக்குப் பிறிதொரு கடமையும் உண்டு. அடுத்த வீட்டுச் சண்டையின் இடையே, தறியையோ மாட்டையோ நிலத்தையோ அரை விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், ஆதாயம் என்று ஏமாந்து வாங்கலாகாது. வழக்கு நிலுவையில் இருந்தால் அச்சொத்துக் கைவிட்டுப் போகலாம். நட்புக்காகப் பொய்ப் புரோநோட்டில் பெயர் கொடுப்பவரும், சாட்சிக் கையொப்பமிடுபவரும், மோசடியில் பங்காளிகளாகவே கருதப்படுவர்.

செய்யத்தகாதவை

எதிராளி வஞ்சகம் செய்கிறார் என்பதனால் நாமும் அவ்வழியில் இறங்குதல் தவறு. பொதுப் பணம் முழுவதையும் எடுத்து ஒளித்து வைத்தல், மற்றவர் கையெழுத்தைப் போடுதல், பூட்டை உடைத்தல், பத்திரங்களைக் கிழித்தல், தறியைச் சேதப்படுத்தல் ஆகியவை நம் வழக்கையே கெடுத்துவிடும். சொத்து விவர வாக்குமூலத்தில் நம் சொத்தையும் மறைக்காமல் காட்ட வேண்டும். நேர்மையான கணக்கோடு வருபவர் சொல்லுக்கே நீதிமன்றத்தில் மதிப்பு உண்டு.

வழக்கின் செலவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பத்தாயிரம் ரூபாய்ப் பண்டத்திற்காக ஐம்பதாயிரம் ரூபாய் செலவிடுதல் விவேகமன்று. எவற்றுக்காகப் போராடுவது, எவற்றை விட்டுவிடுவது எனப் பட்டியலிட்டுப் பார்த்தபின் இறங்குவதே நலம்.

சமரசமாகப் பிரியுங்கால்

இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கு இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு வழி செய்கிறது. இதுவே செலவும் மனக்கசப்பும் குறைந்த முறை. எனினும் சமரசத்திலும் எச்சரிக்கை தேவை. வாய்மொழி வாக்குறுதியை நம்பலாகாது. எந்த நகை, எத்தனை கிராம், எந்தத் தேதியில் ஒப்படைக்கப்படும். எவ்வளவு தொகை, எந்தக் கணக்கில், எத்தவணையில் செலுத்தப்படும். வீட்டில் யார் இருப்பது. தறிகளை எவ்வாறு பங்கிடுவது. கடனை யார் தீர்ப்பது. குழந்தைகளின் படிப்புச் செலவை யார் ஏற்பது என யாவற்றையும் எழுத்தில் வடித்து, நீதிமன்றத்தின் முன் தாக்கல் செய்ய வேண்டும். அசையாச் சொத்தில் ஒருவர் பங்கை மற்றவருக்கு விட்டுக் கொடுப்பதாயின், விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தொகையும் பொருளும் இறுதித் தீர்ப்பிற்கு முன்போ, தீர்ப்பன்று நீதிமன்றத்திலோ கைமாறுவது நலம். தீர்ப்பான பின் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

மேலே கூறியவை பொது விளக்கங்களே. மதத்தையும், சொத்தின் தன்மையையும் பொறுத்துச் சட்டம் வேறுபடுமாதலால், குறிப்பிட்ட வழக்குக்கு வக்கீலின் யோசனையைப் பெறுதல் இன்றியமையாதது.

ஒற்றுமையாய் வாழும் தம்பதிகளுக்கும் இக்கட்டுரையில் ஒரு செய்தி உண்டு. குடும்பத்தின் வரவு செலவை இருவரும் அறிந்திருப்பதும், வாங்கும் சொத்தை இருவர் பெயரிலும் எழுதுவதும், மனைவியையும் சங்கத்தில் தனி அங்கத்தினராகச் சேர்ப்பதும் சந்தேகத்தின் அடையாளங்கள் அல்ல. சங்கத்தில் ஆண்டுதோறும் தணிக்கை நடப்பது காரியதரிசியைத் திருடர் என்று கருதியா? அன்று. அவருடைய நேர்மைக்கும் அங்கத்தினருடைய முதலுக்கும் அது காப்பாக அமைகிறது. வீட்டுக்கும் அதே முறை பொருந்தும். இம்மாதக் கூலி வந்ததும், தம்பதிகள் ஒரு மாலைப் பொழுதில் உட்கார்ந்து, தம் வீட்டு நகை, நிலம், தறி, கடன், சேமிப்பு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு வைப்பார்களாக.